குறைந்த பணமும் கனத்த நாதமும்

மின்சாரக் கிட்டார்களைப் பழுது பார்ப்பதும், புதிதாக வாங்கியவற்றை வாசிக்கத் தகுந்த நிலைக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் சென்னையில் என் ஜீவனோபாயமாக இருந்து வருகிறது. தேவாலயங்களில் வாசிப்பவர்கள், மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்கள், சினிமா ஒலிப்பதிவுக்குப் போகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் என் மேஜைக்கு வருவதுண்டு. ஆனால் அவர்களெல்லாம் வாத்தியத்துக்கு ஏதேனும் கோளாறு நேர்ந்த பிறகு வருகிறவர்கள். ஹெவி மெட்டல் என்னும் கனத்த சங்கீதத்தின் மீது மோகம் கொண்ட கல்லூரிப் பிள்ளைகள் மாத்திரம், வாத்தியத்தை வாங்குவதற்கு முன்பே, கையில் ஒரு சிறு தொகையையும் மனத்தில் ஒரு பெரும் நாதத்தையும் வைத்துக்கொண்டு, "அண்ணா, நாப்பதாயிரம் ரூபா இருக்கு, கிட்டாரும் ஆம்பும் சேத்து வாங்கணும், எது வாங்கலாம்?" என்று கேட்டு நிற்பார்கள். 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அயர்ன் மெய்டன் குழுவும், 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் மெட்டாலிகா குழுவும் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்துவிட்டுப் போன பிறகு, இரவு ரயிலில் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பிய பிள்ளைகளால் இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி கேட்கப்படலாயிற்று. அதற்கு நான் வாய்மொழியாகச் சொல்லிவந்த விடையைக் கிரமப்படுத்தி எழுதி வைத்தால் சிலருக்காவது பிரயோசனப்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இந்தச் சங்கீதத்தின் பூர்வ கதையை அறிந்தவர்களுக்குப் பணக்குறைவு ஒரு அபசகுனமாகவே தோன்றாது. 1964-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற இளைஞர், எல்பிகோ என்னும் மலிவான சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறிவிட்டு, அதிலிருந்து கிளம்பிய கரகரத்த ஒலியைக் கொண்டு ஒரு பாட்டை உலகமெங்கும் பரவச் செய்தார். பர்மிங்ஹாம் நகரத்தில் உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் பதினேழாவது வயதில் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இயந்திரத்துக்குப் பறிகொடுத்த டோனி அயோமி, இடக்கைப் பழக்கக்காரராகையால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின என்ற நிலையிலும் மனம் தளராமல், பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்குக் கவசம் செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கிட்டார்த் தந்தி கிடைக்காத அக்காலத்தில் பாஞ்சோவின் தந்தியைக் கட்டினார். பிறகு, விரலுக்கு இன்னும் இதமாக இருக்கும்பொருட்டு, 1971-இல் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் மூன்றாவது இசைத்தட்டில் சுருதியையே ஒன்றரை ஸ்வரம் இறக்கிவிட்டார். ஒன்றரை ஸ்வரம் இறக்கினால் தந்தியின் இழுவிசை நூற்றுக்கு 29 பங்கு குறையும் என்பது கணக்கு. அவருக்கு நோவைக் குறைப்பதற்காக ஏற்பட்ட அந்தத் தாழ்ந்த சுருதியே, பின்னால் வந்த பல தலைமுறைகளுக்கு இந்தச் சங்கீதத்தின் லட்சணமாக ஸ்தாபிதமாகிவிட்டது. ஆகவே, இருப்பதைக் கொண்டு செய்வது என்பது இந்தக் கலைக்கு ஆதியிலிருந்தே உள்ள சம்பிரதாயம். ஆனால் இருப்பது எது, அதில் எதை எங்கே செலவிடுவது என்ற விவேகம் வேண்டும்.

விவேகத்துக்கு முதற்படி, டிஸ்டார்ஷன் என்பது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது. தந்தியின் அதிர்வு பிக்கப்பின் வழியாக மிகச் சிறிய மின்சார அலையாக மாறுகிறது. அந்த அலையை ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மீறிப் பெருக்க முயலும்போது அலையின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன. அப்படி வெட்டுப்படுவதால் மூல ஸ்வரத்தில் இல்லாத உபஸ்வரங்கள் பல உண்டாகின்றன. உரத்த ஒலி தாழ்ந்து, தாழ்ந்த ஒலி உயர்ந்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. தம்பூராவில் ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இதன் இன்னொரு ரகசியம் எளிதில் விளங்கும். ஷட்ஜ பஞ்சமங்கள் இரண்டுக்கு மூன்று என்ற சுத்தமான விகிதத்தில் நிற்பவையாதலால், அவ்விரண்டையும் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் செலுத்தினால், அவற்றின் வித்தியாசமான ஒன்று என்ற ஸ்வரம், அதாவது கீழ் ஸ்தாயி ஷட்ஜம், யாரும் மீட்டாமலே கூடப் பிறக்கிறது. மெட்டல்காரர்கள் பவர் கார்டு என்று சொல்வதன் கனம் இதுதான். அந்தர காந்தாரத்தையும் கூடச் சேர்த்தால், கிட்டாரின் ஃப்ரெட்டுகள் சம இடைவெளிக் கணக்கில் அமைந்திருப்பதால் காந்தாரம் சற்று ஏறி நிற்க, அந்தச் சிறு பிசகு டிஸ்டார்ஷனில் பெரும் கலக்கமாகக் கேட்கிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. என் அனுபவம் முழுவதையும் பிழிந்தால் கிடைப்பதும் அதுவே. டிஸ்டார்ஷன் குற்றத்தை மூடி மறைக்கும் என்றும், ஆகவே மெட்டலுக்கு எந்தக் கிட்டாரும் போதும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். வாஸ்தவத்தில் அது பூதக்கண்ணாடியைப் போன்றது. சுருதிப் பிசகையும், தளர்ந்த திருகின் சலசலப்பையும், மின்சார இரைச்சலையும், விரல் தவறித் தொட்ட பக்கத்துத் தந்தியையும் பன்மடங்காக்கிக் காட்டுகிறது. அது சமப்படுத்திவிடுவது ஒன்றே ஒன்றைத்தான்: விலை உயர்ந்த மரத்துக்கும் விலை குறைந்த மரத்துக்கும் உள்ள நுட்பமான நாத பேதத்தை. ஆகையால் குறைந்த பணத்தோடு வருகிறவர் மரத்தின் அழகுக்கும் பெயரின் கீர்த்திக்கும் பணம் கொடுக்காமல், சுருதி நிற்பதற்கும் இரைச்சல் அடங்குவதற்கும் ஸ்பீக்கருக்கும் பணம் கொடுக்க வேண்டும். இனிச் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே.

கிட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது பிக்கப். காந்தத்தைச் சுற்றிய ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வை வாங்குவது போலவே நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் வாங்கிக்கொள்ளும். 1955-இல் கிப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சேத் லவர் என்ற பொறியாளர், ஒன்றுக்கொன்று எதிர்முகமாகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் எதிர் எதிராக அமைந்த இரட்டைச் சுருள்களைச் சேர்த்து, தந்தியின் ஒலி கூடவும் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் வழி கண்டார். ஹம்பக்கர் என்னும் இந்த இரட்டைச் சுருள், தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கமாவது ஒன்று இருக்கும் கிட்டாரையே மெட்டலுக்கு வாங்க வேண்டும். அயோமி தம் முதல் இசைத்தட்டை ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த கிப்ஸன் எஸ்.ஜி. கிட்டாரில்தானே வாசித்தார் என்று விஷயம் தெரிந்த பிள்ளைகள் மடக்குவார்கள். வாசித்தார், முனகலையும் சகித்துக்கொண்டார். டியூப் லைட்டும், மின்விசிறி ரெகுலேட்டரும், சரியான எர்த் இல்லாத பிளக்கும் சூழ்ந்த நம் வீட்டு அறையில் அதைச் சகிப்பது எளிதன்று. 9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புகள், மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு உபயோகிப்பவை என்பதால், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தமானவை. அவை நல்லவையே, ஆனால் முதல் கிட்டாரில் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிக்கப் என்பது பின்னால் சாவகாசமாக மாற்றிக்கொள்ளக் கூடிய பொருள்.

இரண்டாவது பார்க்க வேண்டியது பிரிட்ஜ். இதை நான் முதலாவதாகவே சொல்லியிருக்கலாம். ஏனெனில், என் மேஜைக்கு வந்து சேரும் துன்பங்களில் பெரும்பங்கு இதனால் விளைவதே. ஃப்ளாயிட் ரோஸ் என்பவர் கண்டுபிடித்த, இரு முனையிலும் தந்தியைப் பூட்டி வைக்கும் மிதக்கும் பிரிட்ஜ் ஒரு அற்புதமான சாதனம். உயர்ந்த ரகத்தில் அதன் கத்திமுனைகள் கெட்டியான எஃகால் ஆனவை. அதன் கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் மலிவுக் கிட்டாரில் பொருத்தப்படும் நகல்களின் கத்திமுனை மிருதுவான உலோகத்தாலானது. சில மாதம் ஆட்டிய பின் முனை மழுங்கி, ஆட்டிய ஒவ்வொரு முறையும் சுருதி வேறொரு இடத்தில் போய் நிற்கும். மேலும், தந்திகளின் இழுப்பும் பின்புறத்து ஸ்பிரிங்குகளின் இழுப்பும் சமனாக நிற்பதைக் கொண்டே அது மிதப்பதால், ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி தவறும். ஒரு பாட்டுக்கு ஒரு சுருதி, இன்னொரு பாட்டுக்கு வேறு சுருதி என்று மாற்ற விரும்புகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் அரைமணி வேலை. ஆகையால், அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டாரையே வாங்கச் சொல்கிறேன். "சோலோவுல அந்த டைவ் பாம் வேணும்ணா" என்று, கைப்பிடியை அமுக்கிச் சுருதியைச் சரியவிடும் அந்த வித்தைக்காகக் கெஞ்சும் பிள்ளையிடம், "தம்பி, அது ஒரு பாட்டுல நாலு செகண்டு. மிச்சப் பாட்டு முழுக்க சுருதி நிக்கணும்" என்பதுதான் என் பதில். ஏற்கனவே அத்தகைய கிட்டாரை வாங்கிவிட்டவர்களுக்கு, பிரிட்ஜின் அடியில் மரத்துண்டு ஒன்றைச் செருகி அசையாமல் நிறுத்திக் கொடுத்துவிடுகிறேன். பெரும்பாலோர் அதை எடுக்கச் சொல்லித் திரும்பி வருவதில்லை.

மூன்றாவது, தந்தியின் நீளமும் கனமும். ஃபெண்டர் வழிவந்த கிட்டார்களில், கழுத்தின் தலைமுனையில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். கிப்ஸன் வழியில் சுமார் 628. ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால் நீளமானதில் இழுவிசை நூற்றுக்கு ஆறு பங்கு அதிகமாக இருக்கும். சுருதியை இறக்கி வாசிக்கிறவருக்கு அந்த ஆறு பங்கு உதவியே. அதைவிட உதவுவது கனத்த தந்தி. கடைகளில் புதுக் கிட்டார் பெரும்பாலும் 9-லிருந்து 42 வரையிலான மெல்லிய தந்திகளோடு வருகிறது. கீழ்த்தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினாலே அதன் இழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுமாதலால், தொங்கிப்போன தந்தி ஃப்ரெட்டில் அடித்துக் கடகடக்கும். அழுத்திய வேகத்துக்கு ஏற்பச் சுருதியும் ஏறி இறங்கும். இந்த வியாதிக்கு மருந்து புதுக் கிட்டாரன்று. சில நூறு ரூபாய் விலையுள்ள, 10-லிருந்து 52 வரையிலான தந்திக்கட்டு ஒன்றுதான். தந்தி கனமானதும் நட்டிலுள்ள பள்ளங்களை அதற்கேற்ப அராவி அகலப்படுத்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஐபனெஸின் ஜியோ வரிசை, யமஹாவின் பசிஃபிகா, கோர்ட்டின் எக்ஸ் வரிசை, ஜாக்சனின் ஜே.எஸ். வரிசை ஆகிய இவற்றில் எதையும் நான் தயக்கமின்றிக் கையில் எடுப்பேன். அண்ணா சாலையில் 1842-ஆம் ஆண்டுத் தோற்றத்தைச் சொல்லிக்கொள்ளும் மியூசி மியூசிகல் போன்ற பெரிய கடைகளிலும் மற்ற கடைகளிலும் இத்தகையவற்றை வாசித்துப் பார்த்து வாங்க வசதியுண்டு. படத்தைப் பார்த்து வாங்குவதைக் காட்டிலும் கையில் ஏந்தி வாங்குவது உத்தமம். ஒரே மாதிரியில், ஒரே விலையில், பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு கிட்டார்களில் ஒன்றின் கழுத்து நேராகவும் மற்றதன் கழுத்து கோணலாகவும் இருப்பது மலிவு விலைப் பொருளில் சகஜம்.

பழைய கிட்டாரை வாங்குவதுதான் பணத்தை இரட்டிப்பாக்கும் வழி. ஆனால் பரீட்சை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பது போல் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து பார்வையைக் கழுத்தின் ஓரமாக ஓட்டினால், கழுத்து முன்பக்கம் மெல்ல வளைந்திருக்கிறதா, பின்பக்கம் கூன் விழுந்திருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியும். வளைவைத் தீர்க்கலாம், முறுக்கைத் தீர்ப்பது பிரயாசை, முறுக்கிய கழுத்துள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுவது நலம். கழுத்தினுள் ஓடும் டிரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று, விற்பவரின் அனுமதியோடு, சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும். இறுதிவரை முறுக்கப்பட்டு நின்றுபோன ராடு பெரிய தோஷம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்கேனும் ஒலி செத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும். ஆம்ப்பில் இணைத்து, ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பிக்கப்பின் இரண்டு சுருள்களையும் மெதுவாகத் தட்டினால் இரண்டும் 'டக்' என்று சமமாக ஒலிக்க வேண்டும். ஒன்று மௌனமாக இருந்தால் அந்தச் சுருள் அறுந்திருக்கிறது. தலை சாய்ந்து அமைந்த கிட்டார்களில் கழுத்து முடியும் இடத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த கிட்டார் விரிசல் விடும் இடம் அதுவே. நன்றாக ஒட்டப்பட்ட விரிசல் அநேகமாகத் தொந்தரவு செய்வதில்லை. விலையை மாத்திரம் அது தாராளமாகக் குறைக்கிறது. மற்றபடி, கரகரக்கும் வால்யூம் திருகு, ஆடும் ஜாக், துருப்பிடித்த பிரிட்ஜ் திருகு முதலியவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். அவையெல்லாம் என் போன்றவர்களின் அரைநாள் வேலை.

புதியதோ பழையதோ, வாங்கிய மறுநாள் அதைச் செட்டப் செய்யக் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை இருக்கும் தேசத்தின் காற்று வேறு, சென்னையின் காற்று வேறு. ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். குளிர்சாதன அறையில் மாதக்கணக்கில் தொங்கினால் அதே மரம் வற்றி, ஃப்ரெட்டுகளின் ஓரங்கள் விரலைக் கீறும்படி வெளியே துருத்தும். டிரஸ் ராடைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக் கழுத்துக்குக் கடுகளவு முன்வளைவு கொடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கீழ்த்தந்தி 2 மில்லிமீட்டர், மேல்தந்தி ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் நிற்கும்படி இறக்கி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பிய ஸ்வரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பிய ஹார்மோனிக் ஸ்வரமும் ஒன்றாகும்வரை பிரிட்ஜின் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தி முடித்தால், விலை குறைந்த கிட்டார் தன்னைப்போல் மூன்று மடங்கு விலையுள்ளதன் பக்கத்தில் கூச்சமின்றி நிற்கும். சேர்த்து வைத்த பணத்தில் இதற்கென்று ஒரு சிறு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும் என்பதைக் கூலி வாங்குகிறவனே சொல்கிறானே என்று எண்ணாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டு தாமே செய்தாலும் எனக்குச் சந்தோஷமே. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துணியால் துடைப்பதற்கோ கூலியே இல்லை. நம் கடற்கரைக் காற்றில் துடைக்காத தந்தி இரண்டு வாரத்தில் கறுத்துவிடும்.

இனி ஆம்ப்ளிஃபயர். ஒரு நாள், பையனை அழைத்துக்கொண்டு வந்த தகப்பனார் ஒருவர், நான் பணத்தில் ஏறக்குறையப் பாதியை ஆம்ப்புக்கு ஒதுக்கச் சொன்னதைக் கேட்டு, "என்ன சார் இது, வாசிக்கப்போறது கிட்டார். பொட்டிக்கு எதுக்கு பாதிப் பணம்?" என்றார். நியாயமான கேள்வி. அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, பழுதுக்கு வந்திருந்த மிக உயர்ந்த கிட்டார் ஒன்றை ஆறு அங்குல ஸ்பீக்கர் வைத்த சிறு பெட்டியிலும், பையன் வாங்க உத்தேசித்திருந்த மலிவுக் கிட்டாரைப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஆம்ப்பிலும் இணைத்து, ஒரே துணுக்கை இரண்டிலும் வாசித்தேன். "ரெண்டாவதுதானே சார் விலை ஜாஸ்தியானது?" என்று கேட்டார் அவர். அதற்குமேல் விவாதம் வேண்டியிருக்கவில்லை.

காரணம் மந்திரமன்று. மின்சாரக் கிட்டாரின் குடம் அதன் மரமன்று, ஸ்பீக்கரே. கீழ்த்தந்தியின் ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ்; சுருதியை இறக்கினால் எழுபதுக்கும் கீழே போகும். அத்தகைய தாழ்ந்த நாதத்துக்கு வேண்டிய காற்றை ஆறு அங்குலக் காகிதத்தால் தள்ள முடியாது. மேற்பக்கத்திலோ, கிட்டாருக்கென்று செய்யப்பட்ட பெரிய ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைத் தானாகவே அடக்கிவிடுகிறது; டிஸ்டார்ஷனில் பிறக்கும் கூரிய இரைச்சல் அங்கேதான் இருப்பதால், அதை அடக்குவது அத்தியாவசியம். வீட்டிலுள்ள ஹோம் தியேட்டரிலோ கீபோர்டு ஆம்ப்பிலோ டிஸ்டார்ஷன் பெடலை நேராக இணைத்துவிட்டு, ஏன் இப்படிக் காதைக் கிழிக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். நூறு வாட் ஐம்பது வாட்டைவிட மூன்று டெசிபல் மாத்திரமே உரத்தது. காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும். வால்வு ஆம்ப்தான் உத்தமம் என்ற நம்பிக்கையையும் குறைந்த பணக்காரர் சற்று ஒதுக்கிவைக்கலாம். ஜிம் மார்ஷல் என்பவர் 1962-இல் லண்டனில் தம் கடையில் ஆரம்பித்த வம்சமும், அதில் 1981-இல் பிறந்த ஜே.சி.எம். 800-உம், 1992-இல் வந்த பீவி 5150-உம் இந்தச் சங்கீதத்தின் மகா வாத்தியங்கள் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவை தம் முழு நாதத்தைக் கொடுப்பது அடுக்குமாடிக் குடித்தனத்தில் யாரும் சகிக்காத உரப்பில்தான். வால்வுகள் தேய்ந்தால் மாற்றுவதும் செலவு. பாண்டெரா குழுவின் டைம்பேக் டேரல் 1990-இல் உலகத்தை அதிரவைத்த ஒலி, ராண்டல் கம்பெனியின் வால்வே இல்லாத டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பிலிருந்து வந்ததுதான். இன்று, பெரிய ஆம்ப்புகளின் ஒலியைக் கணினிக் கணக்கால் உருவாக்கிக் கொடுக்கும் மாடலிங் ஆம்ப்புகள் வந்துவிட்டன. 2016-இல் வந்த பாஸ் கட்டானா வரிசையில் 50 வாட் ஆம்ப்பில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இருக்கிறது. சக்தியை அரை வாட்டுக்கு இறக்கவும் வசதி இருக்கிறது. பழையதாக நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் நான் யோசிக்காமல் வாங்கச் சொல்லும் ரகம் இதுவே. வீட்டில் கணினி இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கடுமையானவராகவும் இருந்தால், ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் நல்ல ஹெட்ஃபோனும் வாங்கி, ஆம்ப்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் பாவனை செய்யும் மென்பொருளில் வாசிப்பது எல்லாவற்றிலும் சிக்கனமான மார்க்கம்.

பெடல்களை முதலிலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒன்றே ஒன்று வாங்கப் பணம் மிஞ்சினால், டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வாங்கி, அதன் டிரைவை அறவே குறைத்து, லெவலை ஏற்றி, டிஸ்டார்ஷனில் இருக்கும் ஆம்ப்புக்கு முன்னால் வைக்கலாம். அது கீழ் ஒலியின் கொழகொழப்பை வெட்டி, உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் அடிகளைக் கெட்டியாக்கும். மலிவுப் பெடலால் சரித்திரமே உண்டானதும் உண்டு. பாஸ் எச்.எம்.–2 என்னும் பெடலின் திருகுகளையெல்லாம் இறுதிவரை திருப்பிவைத்து வாசித்தே ஸ்டாக்ஹோம் நகரத்து எண்டூம்ட் குழுவினர் 1990-இல் ஒரு புதிய ஒலியை ஸ்தாபித்தார்கள். 1991-இல் உற்பத்தி நின்ற அந்தப் பெடலை அதன் கம்பெனியே 2020-இல் மறுபடியும் செய்து விற்க நேர்ந்தது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ ஆசையோடு தூக்கிவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம். பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகியதால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, அதற்கு மாற்று கிடைக்காமல் வெறும் பெட்டியாகிப்போன ஆம்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன். தக்க சக்தியுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடுதான் அதை உபயோகிக்க வேண்டும். அதைவிட முக்கியம், முனகல் குறைகிறது என்பதற்காகப் பிளக்கின் மூன்றாவது காலான எர்த்தை ஒருபோதும் வெட்டக் கூடாது. கிட்டாரின் தந்தி ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருப்பது. எர்த் இல்லாத ஆம்ப்பில் உள்ளே ஒரு பழுது நேர்ந்தால் அது தந்தி வழியாக வாசிப்பவரின் உடம்பில் பாயும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் செய்வதுதான் மெட்டல் வாசிக்கப் போகிறவர் செய்யும் முதல் செலவாக இருக்க வேண்டும்.

எல்லாம் வாங்கிய பிறகும் சில பிள்ளைகள், "ரூம்ல நல்லா இருந்துச்சுண்ணா, பேண்டோட வாசிச்சா காணாமப் போயிடுது" என்று வருவார்கள். போய்ப் பார்த்தால், டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் கெயின் முழுவதும் ஏறியிருக்கும். மிட் என்னும் நடு ஒலி அடியோடு இறங்கியிருக்கும். தனியே வாசிக்கும்போது பிரம்மாண்டமாகத் தோன்றும் அந்த அமைப்பில், கீழ் ஒலியை பேஸ் கிட்டாரும் மேல் ஒலியைச் சிம்பலும் பறித்துக்கொள்ள, கிட்டாருக்கென்று உரிய நடுப்பாகம் சூனியமாகிவிடுகிறது. கெயினைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, மிட்டை உயர்த்தினால், செலவில்லாமல் ஒலி முன்னே வந்து நிற்கும். கெயின் குறையக் குறைய விரலின் சுத்தம் வெளிப்படும். அதைக் கண்டு கூசுகிறவர்கள் கெயினை ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றினால் கூச்சம் தீருமே தவிர விரல் சுத்தப்படாது.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கையிலுள்ள தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிட்டாருக்கும், அதே அளவு ஆம்ப்புக்கும் வைத்துவிட்டு, எஞ்சியதைக் கனத்த தந்திக்கும், நல்ல கேபிளுக்கும், ட்யூனருக்கும், செட்டப் கூலிக்கும் ஒதுக்குங்கள். அசையாத பிரிட்ஜ், ஒரு ஹம்பக்கர், நேரான கழுத்து, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்: இந்த நான்கும் அமைந்துவிட்டால் அதன் பிறகு வாத்தியத்தின் மீது குறை சொல்லுவதற்கு நியாயமில்லை. அடுத்த கிட்டாருக்காகச் சேமிப்பதை அப்போதே ஆரம்பிக்காமல், ஓராண்டு காலம் அந்த ஒன்றையே வாசியுங்கள். அதில் தீராத குறை எது என்று உங்கள் விரல்களுக்கே தெரிந்த பிறகு பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.